ரபி ஜேக்கப் ஜோசப்: வாழ்க்கையும் கல்லறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ரபிகளில் (யூத சமய குருக்களில்) பலருடைய கதை பாதியில் நின்றுவிடுகிறது. பிறந்த ஊரில் ஒரு பெயர், கப்பல் பட்டியலில் இன்னொரு பெயர், கல்லறையில் மூன்றாவது பெயர். நியூயார்க்கின் தலைமை ரபியாக அழைத்து வரப்பட்ட ஜேக்கப் ஜோசப்பின் கதை அப்படித் தொலையவில்லை. ஆனால் அதைத் துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடியும். அவர் வாழ்க்கையைப் பற்றியும், அவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது பற்றியும், இதே வழியில் மற்ற ரபிகளைத் தேடுவது பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஜேக்கப் ஜோசப் யார்?

எபிரேயத்தில் ரபி யாகோவ் யோசேஃப். அன்றைய ரஷ்யப் பேரரசின் கோவ்னோ மாகாணத்தில், இன்றைய லித்துவேனியாவில் உள்ள க்ரோஷே என்ற ஊரில் பிறந்தவர். வோலோஷின் யெஷிவாவில் படித்தார். யெஷிவா என்பது தல்மூத் முதலிய சமய நூல்களைப் படிக்கும் உயர்கல்விக்கூடம். அந்தக் காலத்தில் வோலோஷினுக்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இல்லை. யூத அறநெறி இயக்கமான முசாரைத் தொடங்கிய இஸ்ரேல் சலாண்டரிடமும் பாடம் கேட்டார். கூர்மையான புத்திக்காக 'யாகோவ் ஹாரிஃப்' என்று சக மாணவர்கள் அழைத்தார்கள். ஹாரிஃப் என்றால் கூரியவர்.

சில சிற்றூர்களில் ரபியாக இருந்துவிட்டு, 1883இல் வில்னா (இன்றைய வில்னியஸ்) நகரத்தின் மாகிட், அதாவது அதிகாரபூர்வப் பிரசங்கியார் ஆனார். வில்னாவில் அப்போது தலைமை ரபி என்ற பதவியே கிடையாது. அதனால் மாகிட் பதவிக்குத் தனி எடை இருந்தது. அவருடைய பிரசங்கங்களின் தொகுப்பு 'லெபேத் யாகோவ்' என்ற பெயரில் வில்னாவில் அச்சானது. அது 1888. அதே ஆண்டில்தான் அவர் நியூயார்க்குக்குக் கிளம்பினார்.

அமெரிக்காவுக்கு வந்த முதல் ரபி இவர்தானா?

இல்லை. இந்தத் தவறு இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இன்றைய நியூயார்க்கான நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு யூதர்கள் 1654இலேயே வந்துவிட்டார்கள். ஆனால் முறையாகப் பட்டம் பெற்ற ரபி ஒருவர் அங்கே குடியேற ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஜெபக்கூடங்களை நடத்தியவர்கள் ஹஸான்கள், அதாவது வழிபாட்டை ராகத்தோடு நடத்துபவர்கள். ஊர் ஊராகப் பயணம் செய்த ரபிகள் வந்து போனதுண்டு. ஹெப்ரோனில் பிறந்த ஹாயிம் இசாக் கரிகால் 1773இல் ரோட் தீவின் நியூபோர்ட்டில் பிரசங்கம் செய்தார், அது அச்சிலும் வந்தது. ஆனால் அவர் தங்கவில்லை. 1777இல் பார்படோஸில் இறந்தார்.

பட்டம் பெற்று, அமெரிக்காவில் நிலையாகத் தங்கிப் பணியாற்றிய முதல் ரபி என்று பொதுவாக ஏற்கப்படுபவர் ஆபிரகாம் ரைஸ். பவேரியாவைச் சேர்ந்தவர், 1840இல் வந்து பால்டிமோர் எபிரேய சபையின் ரபியானார். அவருக்கும் சுகமான வாழ்க்கை அமையவில்லை. சபை உறுப்பினர் ஒருவரின் அடக்கத்தில் யூத வழக்கத்துக்கு வெளியே சகோதர சங்கத்துச் சடங்குகள் நடந்ததை அவர் எதிர்த்தார். அதில் சபையே பிளந்தது. 1849இல் பதவியை விட்டுக் கடை வைத்துப் பிழைத்தார். 1862இல் மீண்டும் அழைக்கப்பட்டு, அதே ஆண்டு இறந்தார்.

ஜேக்கப் ஜோசப் வந்தது ரைஸுக்கு 48 ஆண்டுகள் கழித்து. ஒரு நகரத்துக்கே தலைமை ரபியாக இருக்கவேண்டும் என்று பல சபைகள் சேர்ந்து அழைத்து வந்தவர் என்பதுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது.

அவரை ஏன் அழைத்தார்கள்?

1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள் அலை அலையாக வந்தார்கள். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் தெருவுக்கு ஒரு ஜெபக்கூடம் முளைத்தது. ஒவ்வொன்றும் ஒரு சொந்த ஊர்க்காரர்களின் சபை. யார் வெட்டிய இறைச்சி கோஷர் (யூத உணவு விதிப்படி உண்ணத்தக்கது), யார் எழுதிய விவாகரத்துப் பத்திரம் செல்லும் என்று கேட்டால் சொல்ல ஒரு பொது அதிகாரம் இல்லை. பிள்ளைகள் சமயக் கல்வியிலிருந்து விலகிப் போவதும் பெற்றோருக்குக் கவலையாக இருந்தது.

நார்ஃபோக் தெருவில் இருந்த பேத் ஹமித்ராஷ் ஹகாதோல் என்ற பெரிய ஜெபக்கூடத்தை மையமாகக் கொண்டு பழைமைவழிச் சபைகள் சில ஒரு சங்கம் அமைத்தன. ஐரோப்பாவின் பெரிய ரபிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் வில்னாவின் மாகிட் ஒப்புக்கொண்டார். அவருக்கு அப்போது கடன் சுமை இருந்தது, அந்தப் பதவியின் வருமானத்தில் அதை அடைக்க முடியவில்லை. அமெரிக்காவின் மேல் உள்ள ஆசையில் வந்தவர் அல்ல அவர். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிற்பாடு நடந்தவை புரியும்.

1888 ஜூலையில் வந்து இறங்கினார். ஜூலை 21, சனிக்கிழமை, ஓய்வுநாளில் முதல் பிரசங்கம். எருசலேம் ஆலயம் அழிந்த துக்க நாளுக்கு அடுத்து வரும் அந்த ஓய்வுநாளுக்கு 'ஆறுதலின் ஓய்வுநாள்' என்று பெயர். உள்ளே இடமில்லாமல் வெளியே கூட்டம் நின்றது.

பிறகு என்ன தவறாகப் போனது?

கோழி.

கோஷர் முறைப்படி வெட்டப்பட்ட கோழிதான் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறிய ஈயமுத்திரை கட்ட ஏற்பாடு செய்தார்கள். 'ப்ளும்பா' என்று பெயர். கண்காணிப்பாளர்களின் சம்பளத்துக்காகக் கோழிக்கு ஒரு சென்ட் கூடுதலாக வசூலித்தார்கள். திட்டத்தில் ஏமாற்று ஒன்றுமில்லை. அன்றைய இறைச்சி வணிகத்தில் நடந்த கலப்படத்தை நிறுத்த அதைவிட நேரான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரஷ்யாவில் கோஷர் இறைச்சி மேல் போடப்பட்ட 'கொரோப்கா' என்ற வரியால் நொந்து போய்க் கப்பலேறிய மக்கள் அவர்கள். இங்கேயும் ரபியின் பெயரால் அதே வரியா என்று கொதித்தார்கள். வீட்டுப் பெண்கள் விலையைப் பார்த்தார்கள். கசாப்புக் கடைக்காரர்களுக்குக் கண்காணிப்பே பிடிக்கவில்லை. சோஷலிஸ்டுகளின் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஏற்கெனவே அங்கே இருந்த ரபிகளுக்கு, தங்களைக் கேட்காமல் தலைக்கு மேல் ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று மனத்தாங்கல்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவிலிருந்து வந்தவர்கள் தங்களுக்கென ஒரு தலைமை ரபியை வைத்துக்கொண்டார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த இன்னொரு ரபி தன் வீட்டு வாசலில் 'அமெரிக்காவின் தலைமை ரபி' என்று பலகையே மாட்டினார். சங்கம் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது. பிறகு இறைச்சி வியாபாரிகளே அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலை வந்தது. யாரைக் கண்காணிக்க வந்தாரோ அவர்களிடமே கை நீட்டவேண்டிய நிலை. 1895இல் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பக்கவாதம் தாக்கி, கடைசி ஆண்டுகளைப் படுக்கையில் வறுமையோடு கழித்தார்.

வாழ்ந்த ஊரில் நாவன்மையால் மதிக்கப்பட்டவர், வந்த ஊரில் ஒரு சென்ட் முத்திரைக்காக அவமானப்பட்டார். அவருடைய நிர்வாகத் திறமையைக் குறை சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. என் கருத்தில் பொறுப்பு அழைத்து வந்தவர்களுடையது. அதிகாரமும் நிதியும் இல்லாத பதவிக்கு ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

எந்தப் பெயரில் தேடவேண்டும்?

'ஜோசப்' என்பதைக் குடும்பப் பெயராக வைத்துத் தேடுங்கள். யாகோவ் யோசேஃப் என்பது பிறந்தபோது வைத்த இரட்டைப் பெயர். யாகோவும் அவர்தான், யோசேஃபும் அவர்தான். அமெரிக்கப் பதிவேட்டுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்பதால் இரண்டாவது பாதி அந்த இடத்துக்குப் போய்விட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் 'ஜோசப்' குடும்பப் பெயராக நிலைத்தது.

எபிரேயப் பதிவுகளிலும் கல்லறைகளிலும் முறை வேறு. அங்கே 'இன்னாரின் மகன் இன்னார்' என்றுதான் இருக்கும். குடும்பப் பெயர் இருந்தாலும் சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இந்த முறை சட்டென்று பிடிபடும். நம்மூர் இனிஷியல் வெளிநாட்டுப் படிவத்தில் எப்படிக் குடும்பப் பெயராகிவிடுகிறதோ அப்படித்தான் இதுவும். ஆகவே எந்த ரபியைத் தேடினாலும் அவருடைய தந்தையின் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும்போது பிரித்துக் காட்டுவது அதுதான்.

பிறந்த ஆண்டு 1840ஆ, 1848ஆ?

இரண்டும் அச்சில் இருக்கின்றன. பெரும்பாலோர் 1840 என்கிறார்கள். இந்த மாதிரி முரண்பாடு அந்தக் காலத்து ரஷ்ய யூதர்களிடம் சாதாரணம். கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்க்க வயதை மாற்றிச் சொன்னார்கள், பிறந்த தேதியை யாரும் கொண்டாடவில்லை. இறந்த தேதிதான் ஆண்டுதோறும் நினைவுகூரப்பட்டது, அதனால் அது மட்டும் துல்லியமாக நிற்கும்.

எல்லிஸ் தீவுப் பதிவுகளில் அவர் பெயர் ஏன் கிடைக்கவில்லை?

எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1. அவர் வந்தது 1888. அப்போது நியூயார்க்கில் குடியேறிகளை இறக்கிப் பதிவு செய்த இடம் மன்ஹாட்டனின் தென்கோடியில் இருந்த காசில் கார்டன். 1855 முதல் 1890 வரை அதுதான்.

1897 ஜூனில் எல்லிஸ் தீவின் மரக்கட்டடம் எரிந்தபோது பழைய நிர்வாகப் பதிவேடுகள் போய்விட்டன. ஆனால் கப்பல் தலைவர்கள் சுங்கத்துறைக்குக் கொடுத்த பயணிகள் பட்டியல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின, இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியாகக் கிடைக்கின்றன. 1880களின் பட்டியலில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பெயர், வயது, தொழில், நாடு, அவ்வளவுதான். பிறந்த ஊர், போய்ச் சேரும் முகவரி எல்லாம் 1890களுக்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்ற கதையையும் நம்பவேண்டாம். ஐரோப்பியத் துறைமுகத்தில் எழுதப்பட்ட பட்டியலை வைத்துத்தான் இங்கே சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிய பிறகு தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

கல்லறை எங்கே இருக்கிறது?

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், ரிட்ஜ்வுட் அருகே சைப்ரஸ் அவென்யூவில் இருக்கும் யூனியன் ஃபீல்ட் கல்லறைத் தோட்டத்தில். தோட்டம் ரோதெஃப் ஷாலோம் சபைக்குச் சொந்தமானது. அதற்குள் பேத் ஹமித்ராஷ் ஹகாதோலின் மனைப்பகுதியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. அவர் இறந்ததும் அவரைத் தங்கள் நிலத்தில் அடக்கம் செய்யும் பேறு வேண்டும் என்று பல சபைகள் போட்டியிட்டன. விதவையின் எதிர்காலத்துக்குப் பணம் தருவதாக உறுதி சொன்ன பேத் ஹமித்ராஷ் ஹகாதோலுக்கு அது கிடைத்தது. பெரிய ரபியின் அருகில் மனை என்றால் மற்றவர்களும் அங்கே இடம் வாங்குவார்கள் என்ற கணக்கும் இதில் இருந்தது. உயிரோடு இருந்தபோது மாதச் சம்பளம் கொடுக்க ஆளில்லாத மனிதர் அவர். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

மன்ஹாட்டனில் வாழ்ந்தவரை ஏன் குயின்ஸில் அடக்கம் செய்தார்கள்?

மன்ஹாட்டனில் இடமில்லை. 1850களின் தொடக்கத்திலேயே 86ஆம் தெருவுக்குத் தெற்கே புதிய அடக்கங்களுக்கு நகரம் தடை விதித்துவிட்டது. அதற்குச் சற்று முன் 1847இல் வந்த மாநிலச் சட்டம், கல்லறைத் தோட்டத்தைச் சபைகளும் நிறுவனங்களும் நிலம் வாங்கி நடத்தலாம் என்றது. ஆனால் ஒரு மாவட்டத்தில் 250 ஏக்கருக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தது. அதனால் புரூக்ளின்–குயின்ஸ் எல்லையில் இரண்டு பக்கமும் கால் வைத்தபடி நிலம் வாங்கினார்கள். இன்று அந்த எல்லைக் குன்றுகளில் கல்லறைத் தோட்டங்கள் அடுத்தடுத்துத் தொடர்ச்சியாக இருக்கக் காரணம் இதுதான். கீழே சாலையில் நின்று பார்த்தால் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. முகவரியைச் சரியாக எழுதிக்கொண்டு போங்கள்.

இறுதி ஊர்வலத்தில் கலவரம் நடந்தது உண்மையா?

உண்மை. அமெரிக்க யூத வரலாற்றில் மறக்க முடியாத நாள்களில் ஒன்று அது.

அவர் இறந்தது 1902 ஜூலை 28. ஜூலை 30 அன்று ஊர்வலம். 50,000 பேர் என்றும் 1,00,000 பேர் என்றும் மதிப்பிடுகிறார்கள். லோயர் ஈஸ்ட் சைடின் ஜெபக்கூடங்களுக்கு முன்னால் நின்று நின்று, கிராண்ட் தெரு வழியாகக் கிழக்கே படகுத்துறையை நோக்கி நகர்ந்தார்கள். அங்கிருந்து படகில் ஆற்றைத் தாண்டி புரூக்ளின் போய், கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வது திட்டம்.

கிராண்ட் தெருவில் ஆர். ஹோ நிறுவனத்தின் அச்சு இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. அந்த வழியாகப் போகும் யூதர்களை அங்கிருந்த தொழிலாளர்கள் சிலர் சீண்டுவது முன்பே வழக்கம். சவவண்டி கடந்தபோது மேல் மாடிகளிலிருந்து தண்ணீர், மரத்துண்டு, இரும்புத் துண்டு, போல்ட், நட்டு எல்லாம் கூட்டத்தின் மேல் வந்து விழுந்தன. துக்கத்தில் வந்தவர்கள் ஆத்திரத்தில் திருப்பி எறிந்தார்கள், ஜன்னல்கள் உடைந்தன. தொழிற்சாலைக்காரர்கள் தீயணைப்புக் குழாயைத் திருப்பிக் கூட்டத்தின் மேல் பீய்ச்சினார்கள். பிறகு வந்த போலீஸ் படை, தாக்கியவர்களை விட்டுவிட்டுத் துக்கம் அனுஷ்டித்தவர்களை லத்தியால் அடித்தது. காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

மேயர் சேத் லோ விசாரணைக் குழு அமைத்தார். வழக்கறிஞர் லூயிஸ் மார்ஷல் அதில் ஓர் உறுப்பினர். தொழிற்சாலையிலிருந்துதான் தாக்குதல் தொடங்கியது என்றும், போலீஸ் நடந்துகொண்ட விதம் தவறு என்றும் குழு சொன்னது. புதிதாகக் குடியேறியவர்கள் தெருவில் அடிபட்டு, பிறகு அதிகாரபூர்வமாக 'தவறு உங்கள் மேல் இல்லை' என்று கேட்டது அன்றைய நிலையில் சிறிய விஷயமில்லை.

தேடுபவருக்கு இந்தக் கலவரத்தால் ஒரு பயன் உண்டு. அமைதியாக நடந்திருந்தால் ஆங்கிலப் பத்திரிகைகளில் நான்கு வரிதான் வந்திருக்கும். கலவரத்தால் ஊர்வலம் போன தெருக்கள், நேரம், நின்ற இடங்கள் எல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவாகிவிட்டன.

இறப்புச் சான்றிதழில் என்னென்ன இருக்கும்?

1902இல் மன்ஹாட்டன் சான்றிதழில் பெயர், வயது, தொழில், பிறந்த நாடு, அமெரிக்காவில் எத்தனை ஆண்டு, பெற்றோர் பெயர், இறந்த முகவரி, இறப்பின் காரணம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. உங்களுக்கு முக்கியமானவை இரண்டு: அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தின் பெயர், அடக்க ஏற்பாட்டாளரின் பெயர். தோட்டம் தெரியாமல் அலைபவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்த ஒரு தாளில் இருக்கிறது.

இவை நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகத்தில், சேம்பர்ஸ் தெருவில் உள்ளன. பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெரும்பகுதியை 2022 முதல் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: புரூக்ளினும் குயின்ஸும் நியூயார்க் நகரத்தோடு இணைந்தது 1898 ஜனவரி 1இல். அதற்கு முன் இறந்தவர்களுக்கு அந்தந்தப் பகுதியின் பதிவைத் தனியாகத் தேடவேண்டும்.

பெற்றோர் பெயரை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். அந்தத் தகவலைச் சொன்னவர் துக்கத்தில் இருக்கும் மகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார்; தாத்தா பாட்டியை அவர் பார்த்தே இருக்கமாட்டார்.

தோட்டத்தின் பெயர் தெரியும். உள்ளே எப்படிக் கண்டுபிடிப்பது?

நியூயார்க் யூதக் கல்லறைத் தோட்டங்களில் நிலம் துண்டு துண்டாகச் சபைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் விற்கப்பட்டது. 'லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட்' என்பார்கள், ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் மாதச் சந்தா கட்டி நோய்க்கும் சாவுக்கும் உதவிக்கொள்ளும் சங்கம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், வாசல் தூணில் பெயர், நிர்வாகிகளின் பட்டியல். எனவே அலுவலகத்தில் இறந்தவர் பெயரோடு சங்கத்தின் பெயரையும், இறந்த ஆண்டையும் சொல்லுங்கள். பிரிவு, வரிசை, கல்லறை எண் எழுதிக் கொடுப்பார்கள்.

ரபிகளுக்கு இன்னும் சில குறிப்புகள். பெரிய ரபிகளைப் பெரும்பாலும் மனையின் முன்பகுதியில், வாசலுக்கு அருகே அடக்கம் செய்வார்கள். சில கல்லறைகளின் மேல் 'ஓஹெல்' என்ற சிறு கட்டடம் எழுப்புவார்கள். கோஹன், அதாவது ஆசாரிய வம்சத்தவர் கல்லறைகளுக்கு நடுவே போகக்கூடாது என்பதால் அந்த வம்சத்தாரைப் பாதையோரமாக அடக்கம் செய்யும் வழக்கமும் உண்டு. உறவினர்கள் பாதையில் நின்றே ஜெபம் சொல்லலாம்.

வறுமையில் இறந்த ரபி என்றால் ஏழைகளுக்கான எபிரேய இலவச அடக்கச் சங்கத்தின் பதிவேட்டையும் பாருங்கள். ஸ்டேட்டன் தீவில் சில்வர் லேக், மவுண்ட் ரிச்மண்ட் என்ற இரண்டு தோட்டங்கள் அவர்களுடையவை. அங்கே பல கல்லறைகளுக்குக் கல்லே இல்லாமல் இருந்தது.

கல்லில் எழுதியிருப்பதை எபிரேயம் தெரியாமல் படிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 22 எழுத்துகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள், போதும்.

மேலே 'பே, நூன்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும்: 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்பதன் சுருக்கம். கீழே கடைசியில் ஐந்து எழுத்துகள்: 'அவர் ஆத்துமா ஜீவனுள்ளோரின் கட்டிலே கட்டப்பட்டிருப்பதாக' என்ற, சாமுவேலின் முதல் புத்தகத்திலிருந்து வந்த வாசகம். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் உங்களுக்கு வேண்டியது.

'பென்' என்றால் மகன், 'பத்' என்றால் மகள். அதற்கு அடுத்து வருவது தந்தை பெயர். மேலே விரல்கள் விரிந்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் கோஹன் வம்சம். தண்ணீர்க் குடம் இருந்தால் லேவியர், அதாவது ஆலயப் பணியாளர் வம்சம். ரபிகளின் கல்லில் நீண்ட புகழ்ப்பா இருப்பதுண்டு. அதன் வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகச் சேர்த்துப் பாருங்கள், பல சமயம் அவர் பெயரே வரும். பெயர் இருக்கும் வரி தேய்ந்துபோன கல்லில் இது பெரிய உதவி.

ஆண்டை எழுத்துகளால் எழுதுவார்கள், ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். 1902 ஜூலை என்பது யூத ஆண்டு 5662. கல்லில் தாவ் (400), ரேஷ் (200), சாமெக் (60), பேத் (2): கூட்டினால் 662. அதோடு 1240 சேர்த்தால் 1902. யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். அந்த நாளிலிருந்து டிசம்பர் வரை இறந்தவர்களுக்கு மட்டும் ஒன்றைக் கழிக்கவேண்டும்.

மாதத் தேதியில் ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் பதற்றம் வேண்டாம். யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. 1902 ஜூலை 28 பகலில் தம்மூஸ் மாதம் 23. அன்று மாலை இருட்டியதும் 24. அதனால் ஒரே இரவில் நடந்த ஒரே சாவுக்கு அரசுச் சான்றிதழும் கல்லறையும் வேறு வேறு தேதி சொல்வது போலத் தெரியும். இரண்டும் சரியாகவே இருக்கும்.

'ரெவரெண்ட்', 'ரெப்' என்று இருந்தால் அவர் ரபியா?

அவசியமில்லை. 'ரெப்' என்பது திருமணமான எந்த யூத ஆணுக்கும் போடும் மரியாதைச் சொல், நம் 'திரு' போல. 'ரெவரெண்ட்' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் ஹஸான், கோஷர் வெட்டுநர், ஆசிரியர் எல்லோரையும் எழுதின. கல்லில் 'ஹாரவ்' என்று இருந்தால் ரபியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஹாரவ் ஹகாஓன்' என்றால் பெரிய அறிஞர். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் 'எங்கள் கொள்ளுத்தாத்தா ரபி' என்ற செய்தியில் பாதிக்கு மேல் ஹஸானோ வெட்டுநரோதான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சிறிய ஊர்களில் அந்த மூன்று வேலையையும் ஒருவரே பார்த்தார்.

பத்திரிகைகளில் எங்கே பார்க்கலாம்?

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் 1885இல் தொடங்கிய 'யிடிஷெஸ் டாகெப்ளாட்' பழைமைவழியினர் பக்கம் நின்ற நாளிதழ். 1897இல் வந்த 'ஃபோர்வெர்ட்ஸ்' சோஷலிஸ்டுகளுடையது. ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இவற்றின் பழைய இதழ்கள் இஸ்ரேல் தேசிய நூலகத்தின் யூதப் பத்திரிகைத் தொகுப்பில் இணையத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் 'தி சன்', 'நியூயார்க் ட்ரிப்யூன்', 'ஈவ்னிங் வேர்ல்ட்' போன்றவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இறந்த தேதிக்கு அடுத்த மூன்று நாள்களை முதலில் பாருங்கள். யூத வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போடமாட்டார்கள்.

லித்துவேனியாவில் பிறப்புப் பதிவு கிடைக்குமா?

ரஷ்யப் பேரரசில் யூதர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் 1835 முதல் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் தப்பவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் வில்னியஸில் உள்ள அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லித்துவேனிய யூத வம்சாவளி ஆய்வுக் குழுவான லிட்வாக்சிக் அவற்றை மொழிபெயர்த்துத் தேடும் வசதி செய்திருக்கிறது. பிறப்புப் பதிவு இல்லையென்றால் வரி செலுத்துவோர் பட்டியல், குடும்பக் கணக்கெடுப்புப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். ரபிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழி: அந்தக் காலத்து எபிரேய நூல்களின் முகப்பில் முன்கூட்டிப் பணம் கட்டியவர்களின் பெயர்கள் ஊர்வாரியாக அச்சாகியிருக்கும். எந்த ஆண்டு எந்த ஊரில் ரபியாக இருந்தார் என்று அதில் பிடித்துவிடலாம்.

அவர் நினைவாக வேறு என்ன இருக்கிறது?

அவர் இறந்ததும் லோயர் ஈஸ்ட் சைடில் ஒரு சமயப் பள்ளிக்கு ரபி ஜேக்கப் ஜோசப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். அது பிற்பாடு ஸ்டேட்டன் தீவுக்கு மாறி இன்றும் நடக்கிறது. பேரன் லாசரஸ் ஜோசப் 1940களில் நியூயார்க் நகரத்தின் கணக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொள்ளுப்பேரனுக்கும் ஜேக்கப் ஜோசப் என்றே பெயர். அமெரிக்க மரீன் படையின் கேப்டனாக 1942இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் உயிரிழந்தார். ரட்கர்ஸ் தெருவில் அவர் பெயரில் ஒரு விளையாட்டுத் திடல் உண்டு. தேடும்போது இந்த இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்; திடலின் பெயர் ரபியுடையது அல்ல.

முதல் பிரசங்கம் நடந்த நார்ஃபோக் தெரு ஜெபக்கூடம் 2017 மே 14 அன்று தீயில் அழிந்தது.

நேரில் போகிறவர்கள் என்ன கவனிக்கவேண்டும்?

சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் தோட்டம் மூடியிருக்கும். புத்தாண்டுக்கு முந்தைய ஏலூல் மாதத்தில், அதாவது ஏறக்குறைய ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், குடும்பங்கள் கல்லறைக்கு வரும் வழக்கம் உண்டு. அலுவலகத்தில் நிதானமாகக் கேட்க வேறு மாதம் நல்லது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். பூ வேண்டாம், ஒரு சிறு கூழாங்கல்லைக் கல்லறையின் மேல் வைப்பதுதான் மரபு. வெளியே வரும்போது கை கழுவ வாசலில் தண்ணீர் இருக்கும்.

எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள், கல் அரித்துப்போகும். கம்பித் தூரிகையும் கூடாது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் நேரத்தில் படம் எடுங்கள், அல்லது ஒருவர் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பிப் பிடிக்கட்டும். அதிலேயே தேய்ந்த எழுத்தும் துலங்கும். கல்லின் முன்புறம் மட்டுமின்றிப் பின்புறம், பக்கத்துக் கல்லறைகள், மனை வாசலின் தூண் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

யூத வம்சாவளி ஆய்வு அமைப்பான ஜூயிஷ்ஜென்னின் உலகளாவிய யூத அடக்கப் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். தன்னார்வலர்கள் எபிரேய வரிகளைப் படித்துத் தகவலைச் சேர்ப்பார்கள். ஃபைண்ட் எ கிரேவ் தளத்திலும் ஏற்றலாம். அனுப்பும்போது தோட்டத்தின் பெயர், சங்கத்தின் பெயர், பிரிவு, வரிசை, எண் ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். இருப்பிடம் எழுதாத படம் அடுத்துத் தேடி வருபவருக்குப் பயன்படாது.